ஒரு மலைப் பள்ளியின் ஆண்டுச் செலவு எந்தக் கணக்கில் இருக்கிறது?

கோத்தகிரியிலோ பந்தலூரிலோ முப்பது பிள்ளைகளுக்கும் குறைவாகப் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொண்டு, அதை ஓராண்டு நடத்தப் பொதுப் பணம் மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், முழு விடையை எந்த ஒரு தனி அலுவலகத்திலும் பெற முடியாது. யாரும் மறைப்பதால் வந்த நிலை அல்ல இது. பள்ளிக்கு வரும் பணம் பல துறைகளின் வழியாக வருகிறது. ஒவ்வொரு துறையும் தான் கொடுத்ததை மட்டும் தன் கணக்குத் தலைப்பில் எழுதிக்கொள்கிறது. எல்லாவற்றையும் அந்தப் பள்ளியின் பெயரில் ஒரே தாளில் கூட்டிப் பார்க்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. நான் நீலகிரியில் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். சம்பளப் பட்டியலிலும் மானியச் செலவுச் சீட்டுகளிலும் நெடுங்காலம் கையெழுத்திட்டிருக்கிறேன். இப்போது அக்கம்பக்கத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுத உதவி வருகிறேன். நாடு முழுவதும் பள்ளிகளின் நிதி விவரங்கள் எவ்வாறு திரட்டப்படுகின்றன என்ற கேள்வி பொருளியல் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று, மலையில் இருக்கும் சிறிய பள்ளியின் ஆயுளே அதில் அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியரே கருவூலத்தில் பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்பதால், அந்தப் பள்ளியின் சம்பளச் செலவை ஓரளவு தனியாகப் பார்த்துவிடலாம். ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கோ அந்தப் பொறுப்பு வட்டாரக் கல்வி அலுவலரிடம் இருக்கிறது. வட்டாரத்திலுள்ள அத்தகைய பள்ளிகள் எல்லாவற்றின் சம்பளமும் அவருடைய அலுவலகத்தின் பெயரில் கருவூலத்தில் பதிவாகிறது. அங்கிருந்து 2202 என்ற பொதுக் கல்விப் பெருந்தலைப்பின் கீழ், தொடக்கக் கல்வி என்ற உட்பிரிவில், மாநிலக் கணக்கில் போய்ச் சேர்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பணிபுரிவோருக்குச் சம்பளத்தோடு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. அந்தப் படிகளும் அதே பெருந்தொகையில் கரைந்துவிடுகின்றன. கணக்கைப் பார்க்கும் ஒருவரால், மலையில் ஓர் ஆசிரியரைப் பணியில் வைத்திருக்கச் சமவெளியைவிட எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்பதைப் பள்ளிவாரியாகப் பிரித்தறிய முடியாது.

சம்பளத்துக்கு அப்பால் போனால் கணக்கு இன்னும் சிதறுகிறது. மதியச் சத்துணவும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் சமூக நலத்துறையின் பொறுப்பில் இருக்கின்றன. பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சிட்டு அனுப்புகிறது. பள்ளிக்கு நூல் வருகிறது, விலை வருவதில்லை. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கென்றே கொடுக்கப்படும் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலணி ஆகியவையும் அப்படித்தான், பொருளாக வந்து பொருளாகவே பதிவேட்டில் நிற்கின்றன. ஒன்றியப் பள்ளியின் கட்டடமும் அதன் பெரிய பழுதுபார்ப்பும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறியாளர் கையில் இருக்கின்றன. கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளருக்கு உள்ளாட்சியின் வழியாக ஊதியம் போகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதியம் கல்விச் செலவாகவே எழுதப்படுவதில்லை, ஓய்வூதியங்களுக்கென உள்ள 2071 என்ற தலைப்புக்குப் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கல்வித் துறை தன் ஆண்டுச் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையை மட்டும் மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு மாணவருக்கு அரசு இவ்வளவு செலவிடுகிறது என்று எழுதப்படும் செய்திகளைப் படிக்கும்போது, அந்த எண் எதைச் சேர்த்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்ற கேள்வி எழ வேண்டும். பெரும்பாலும் எழுவதில்லை.

நீலகிரிக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்பழங்குடியினரும் வாழும் மாவட்டம் இது. அவர்களுடைய பிள்ளைகளுக்காக இயங்கும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருவன அல்ல. பள்ளிக் கல்விக்கு 43ஆம் எண் மானியக் கோரிக்கை என்றால், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறைக்கு 4ஆம் எண். ஒரே மலைச்சரிவில் இரண்டு மூன்று கல் தொலைவில் இருக்கும் இரு பள்ளிகளின் செலவு, சட்டமன்றத்தில் இரு வேறு நாள்களில் வாக்குக்கு வரும் இரு வேறு ஏடுகளில் இருக்கிறது. உறைவிடப் பள்ளியின் செலவில் விடுதி, மூன்று வேளை உணவு, பாய், போர்வை எல்லாம் அடங்கும். ஒன்றியப் பள்ளியின் செலவில் மதிய உணவுகூட அடங்காது. இவ்விரண்டையும் அப்படியே எடுத்து ஒப்பிட்டால், பழங்குடிப் பிள்ளைக்கு அரசு அள்ளிக் கொடுக்கிறது என்ற தவறான முடிவுக்குத்தான் வந்து சேர்வோம். தோட்டப் பகுதிகளில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால் மூன்றாவது வகைக் கணக்கு ஒன்று வருகிறது. அங்கே அரசு கொடுப்பது கற்பித்தல் மானியம், கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு.

நாடு தழுவிய பள்ளி விவரத் திரட்டு என்று நம்மிடம் இருப்பது யூடைஸ் பிளஸ். 1990களின் நடுவில், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் காலத்தில், டைஸ் என்ற பெயரில் சில மாவட்டங்களில் தொடங்கிய இந்த முறை, 2012-13இல் மேல்நிலை வகுப்பு வரை ஒருங்கிணைக்கப்பட்டு யூடைஸ் ஆனது. 2018-19 முதல் இணையவழிப் பதிவாக மாறியது. நாட்டிலுள்ள 14 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளியின் எண் 33 என்று தொடங்கும், அடுத்தடுத்த இலக்கங்கள் மாவட்டம், வட்டாரம், ஊர் என்று இறங்கி வந்து பள்ளியில் முடியும். செப்டம்பர் 30ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு மாணவர், ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், கணினி என்று பள்ளியின் நிலை பதிவாகிறது. மாநிலத்தின் பள்ளி விவரத் தளமான எமிஸில் அன்றாடம் பதிவிடும் பணியோடு இதையும் சேர்த்துச் செய்துமுடிப்பது, ஈராசிரியர் பள்ளி ஒன்றில், அதுவும் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும் இடம் தேடி மேட்டுக்கு ஏற வேண்டிய ஊர்களில், எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதை அந்தப் பணியைச் செய்தவர்கள் அறிவார்கள். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். இத்தனை பள்ளிகளின் விவரம் ஆண்டுதோறும் கிடைப்பது சிறிய செயல் அன்று.

ஆனால் அந்தப் படிவத்தில் பணத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் ஒரு மூலைதான். ஒருங்கிணைந்த பள்ளி மானியம், நூலக மானியம், விளையாட்டு மானியம், பெரிய பழுதுபார்ப்பு போன்ற தலைப்புகளில் சென்ற ஆண்டு பெற்றது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று கேட்கிறார்கள். பள்ளியின் கையில் வந்து பள்ளியின் கையால் செலவான பணம் மட்டுமே இது. ஒரு பள்ளியின் உண்மையான ஆண்டுச் செலவோடு ஒப்பிட்டால் சிறு துளி. சம்பளம் இல்லை, உணவு இல்லை, நூல் இல்லை, கட்டடத்தின் பெரும்பகுதி இல்லை. எனவே யூடைஸில் பள்ளி இருக்கிறது, முழுப் பணம் இல்லை. நிதிநிலை அறிக்கையில் முழுப் பணம் இருக்கிறது, பள்ளி இல்லை.

அந்தச் சிறு துளியையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மலைப் பள்ளிகளின் நிலைமை அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் இப்போதைய விதிப்படி, ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. 30 மாணவர் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 24 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்குத் தலைக்கு 416 ரூபாய் வருகிறது. 240 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்குத் தலைக்கு 208 ரூபாய். தலைவீதம் பார்ப்பவருக்குச் சிறிய பள்ளி இரு மடங்கு பெறுவதாகத் தோன்றும். ஆனால் கூரை தலைவீதம் ஒழுகுவதில்லை. சிறிய பள்ளிக்கும் ஒரு கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சுற்றுச்சுவர், ஒரு கழிப்பறைத் தொகுதி இருக்கிறது. தூய்மைக்குப் போக மீதி 9,000 ரூபாயில் சுண்ணாம்புக்கட்டியும் பதிவேடும் மின்விளக்கும் வாங்கி, தாழ்ப்பாளும் குழாயும் மாற்றி, மிஞ்சியதில் கூரைத் தகட்டையும் பார்க்க வேண்டும். சிமெண்டும் மணலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வர வேண்டும். வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து பள்ளிவரை தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டும். பொருளின் விலைக்கு நிகராக ஏற்றுக்கூலி வரும் ஊர்கள் குந்தா, பந்தலூர்ப் பகுதிகளில் உண்டு. இந்த வேறுபாடு எந்தத் தேசியப் படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை.

பணம் எப்போது வந்தது என்பதும் இல்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டுகிறது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை. கூரைக்கான பணம் மே மாதத்துக்குள் கையில் இருந்தால் கூடலூர்ப் பள்ளிக்குப் பயன். செப்டம்பருக்குள் இருந்தால் கோத்தகிரிப் பள்ளிக்குப் பயன். பிப்ரவரியில் வந்தால் இருவருக்குமே அந்த ஆண்டு மழை பெய்து முடிந்துவிட்டது. மூன்று நிலையிலும் தேசியத் தரவில் 'பெற்றது 10,000, செலவிட்டது 10,000' என்றே இருக்கும். 2021 ஜூலை முதல் மத்திய உதவித் திட்டங்களுக்கு ஒற்றை முதன்மைக் கணக்கு என்ற முறை நடைமுறைக்கு வந்தபின், பள்ளியின் வங்கிக் கணக்கில் பணம் தங்குவதில்லை. மாநில அளவிலுள்ள கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் வரம்பு மட்டும் பள்ளிக்குக் கொடுக்கப்படுகிறது. பொது நிதி மேலாண்மைத் தளத்தில் ஒவ்வொரு கொடுப்பனவும் நாள், தொகையோடு பதிவாகிறது. நிதியாண்டின் கடைசி நாள்களில் பயன்படுத்தாத வரம்பு திரும்பிப் போய்விடுகிறது என்ற கவலை தலைமையாசிரியர்களுக்கு உண்டு, அது நியாயமான கவலை. ஆயினும் விவரத் திரட்டு என்ற நோக்கில் பார்த்தால், எந்தப் பள்ளிக்கு எந்த நாளில் பணம் கிடைத்தது என்பதை அறிய முதன்முறையாக ஒரு வழி பிறந்திருக்கிறது. அந்த நாள்களை யூடைஸ் எண்ணோடு சேர்த்து வெளியிட்டால் போதும், புதிதாக ஒரு படிவம்கூட வேண்டாம்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது என்னை அதிகம் ஈர்த்தது அமெரிக்காவின் முறை. அந்த நாட்டில் 1867ஆம் ஆண்டிலேயே கல்விக்கென ஒரு மத்தியத் துறையை உருவாக்கிய சட்டம், கல்வி பற்றிய புள்ளிவிவரங்களையும் உண்மைகளையும் திரட்டுவதையே அந்தத் துறையின் முதல் வேலையாக வைத்தது. இன்று தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்துக்காக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நிறுவனம் ஆண்டுதோறும் பள்ளி அமைப்புகளின் நிதிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்துகிறது. அந்தப் படிவத்தை எஃப்-33 என்கிறார்கள். ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பை அங்கே பள்ளி மாவட்டம் என்கிறார்கள். ஏறத்தாழ 14,000 பள்ளி மாவட்டங்களின் வரவு, செலவு, கடன், கையிருப்பு எல்லாம் அதில் வருகின்றன. வரவை மத்திய அரசு, மாநிலம், உள்ளூர் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். செலவை இரண்டு வகையில் குறுக்கும் நெடுக்குமாகப் பிரிக்கிறார்கள்: எந்தப் பணிக்காக, எந்தப் பொருளுக்காக. கற்பித்தலுக்கு 1000 வரிசை எண், துணைச் சேவைகளுக்கு 2000, உணவு போன்ற கற்பித்தல் அல்லாத சேவைகளுக்கு 3000, கட்டுமானத்துக்கு 4000, கடனுக்கு 5000. ஒவ்வொன்றுக்குள்ளும் சம்பளம் எவ்வளவு, படிகளும் காப்பீடும் எவ்வளவு, வெளியில் வாங்கியது எவ்வளவு என்று மறுபடியும் பிரிவு. இதற்கென ஒரு கணக்கியல் கையேடு இருக்கிறது. மாநிலங்கள் தத்தம் கணக்குத் தலைப்புகளையே வைத்துக்கொண்டாலும், அவற்றை இந்தப் பொதுத் தலைப்புகளுக்கு எப்படி மாற்றி எழுதுவது என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. என் பார்வையில் அந்த முறையின் உயிர்நாடி இந்த மாற்றி எழுதும் வேலைதான். கலிபோர்னியாவின் உணவுச் செலவும் டெக்சாசின் உணவுச் செலவும் ஒரே கட்டத்தில் வந்து விழாவிட்டால், பதினாலாயிரம் வரிகளைக் கூட்டிப் பயனில்லை.

ஓய்வூதியத்தை அவர்கள் கையாளும் விதம் நமக்குப் பாடம். சில மாநிலங்களில் ஆசிரியரின் ஓய்வூதியப் பங்களிப்பைப் பள்ளி மாவட்டம் கட்டுவதில்லை, மாநிலமே நேரடியாகக் கட்டிவிடுகிறது. அந்தப் பணம் பள்ளி மாவட்டத்தின் பேரேட்டைத் தொடுவதே இல்லை. ஆயினும் கணக்கெடுப்பில் 'அந்த மாவட்டத்தின் சார்பில் மாநிலம் செலுத்தியது' என்று தனியாகக் கேட்டு வாங்கிச் சேர்க்கிறார்கள். பணம் யார் கையிலிருந்து போனது என்று பார்க்காமல், யாருக்காகப் போனது என்று பார்க்கும் முறை அது. நம்முடைய சத்துணவும் பாடநூலும் கம்பளிச் சட்டையும் ஓய்வூதியமும் இதே முறையில் பள்ளியின் கணக்கில் ஏற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அங்கே இந்தக் கணக்கெடுப்புக்கு இவ்வளவு கவனம் கிடைத்ததற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. பள்ளிகள் உள்ளூர்ச் சொத்துவரியை நம்பி இயங்குவதால், பணக்காரப் பகுதியின் பள்ளிக்கும் ஏழைப் பகுதியின் பள்ளிக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1971இல் செரானோ வழக்கில் அந்த இடைவெளியைக் கண்டித்தது. 1973இல் சான் அன்டோனியோ வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமோ, கல்வி அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அன்று என்று கூறிவிட்டது. அதன்பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. ஒவ்வொரு வழக்கிலும் பள்ளி மாவட்டங்களின் நிதித் தரவே சான்றாக நின்றது. நம் அரசமைப்பில் 21அ பிரிவின்படி ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை. உரிமை நம்மிடம் இருக்கிறது. அது எந்த ஊரில் எவ்வளவு பணத்தோடு நிறைவேறுகிறது என்று காட்டும் கணக்கு நம்மிடம் இல்லை.

அமெரிக்க முறையிலும் குறைகள் உண்டு. விவரம் வெளிவர ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகிறது. 2022 நிதியாண்டுக்கு ஒரு மாணவருக்கான சராசரி நடப்புச் செலவு 15,633 டாலர் என்று 2024இல்தான் தெரிந்தது. அந்தச் சராசரிக்குள் முப்பதாயிரத்தை நெருங்கும் நியூயார்க்கும் பத்தாயிரத்தை எட்டாத யூட்டாவும் இருக்கின்றன. வாழ்க்கைச் செலவும் சம்பளமும் இடத்துக்கு இடம் மாறுவதால் டாலரை அப்படியே ஒப்பிடக்கூடாது என்று உணர்ந்து, ஆசிரியர் ஊதிய ஒப்பீட்டுக் குறியீடு ஒன்றைத் தனியாகக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். நமக்கு மிக அருகில் வரும் எடுத்துக்காட்டு ஹவாய். அந்த மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். மாநில அரசே எல்லாப் பொதுப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆகவே மாவட்டவாரிக் கணக்கெடுப்பில் ஹவாய்க்கு ஒரே ஒரு வரிதான் கிடைக்கும், தீவுக்குத் தீவு உள்ள வேறுபாடு அதில் தெரியாது. தமிழ்நாட்டின் நிலையும் அதுவே. 2015இல் வந்த அமெரிக்கக் கல்விச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்க ஒரு படி இறங்கி வந்தது: ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதை, அங்கே உண்மையில் பணியாற்றுவோரின் உண்மையான சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டு, பணம் வந்த வழியையும் பிரித்துக் காட்டி வெளியிட வேண்டும் என்றது. சராசரிச் சம்பளத்தை எல்லாப் பள்ளிக்கும் பொதுவாகப் போட்டுவிடும் பழக்கத்தை அது விலக்கியது. மூத்த ஆசிரியர்கள் நகரத்தையும் இளையவர்கள் தொலைதூரத்தையும் நிரப்பும் எந்த ஊரிலும் இந்த வேறுபாடு பெரிது.

இதை நம்மால் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை அமைப்பின் வழியாகத் தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒவ்வொருவரின் சம்பளமும் ஆள்வாரியாகப் பதிவாகிறது. அந்த ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்பது எமிஸில் இருக்கிறது. பள்ளியின் எண் யூடைஸில் இருக்கிறது. மானியம் பொது நிதி மேலாண்மைத் தளத்தில் இருக்கிறது. சத்துணவு மையத்தில் அன்றாடம் உண்டவர் எண்ணிக்கை பதிவாகிறது. பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. பள்ளிவாரியான கூட்டுத்தொகை போதும். எல்லாத் துறைகளின் செலவுச் சீட்டிலும் அந்த 11 இலக்க எண்ணை எழுதும் வழக்கம் ஏற்பட்டாலே, இன்று தனித்தனி அறைகளில் இருக்கும் கணக்குகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேற்கண்ட கோரிக்கையை முன்வைப்பது பொறுப்பான செயலாகாது. பள்ளிவாரிக் கணக்கு வெளிவந்தால், தலைவீதச் செலவில் மலைப் பள்ளிகள்தான் பட்டியலின் உச்சியில் இருக்கும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 12 பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு, 60 பிள்ளைகள் இருந்தாலும் இரண்டு. ஆகவே முதல் பள்ளியில் தலைவீதச் சம்பளச் செலவு ஐந்து மடங்கு. மலைப்படியைச் சேர்த்தால் இன்னும் ஏறும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்க்கொண்டிருப்பதால், பிள்ளைகள் குறையக் குறைய இந்த எண் தானாக உயரும், அரசு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காமலேயே. எண்ணை மட்டும் பார்ப்பவர், இந்தப் பள்ளியை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று எளிதாக எழுதிவிடுவார். பக்கத்துப் பள்ளி வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர். நடையில் அது ஓர் ஓடை, ஒரு செங்குத்துச் சரிவு, யானையும் காட்டெருமையும் கரடியும் நடமாடும் ஒரு தேயிலைக் காடு. ஆறு வயதுப் பணியர் குழந்தை அந்த வழியில் எத்தனை நாள் போகும்? பள்ளிக்கு எட்டாத குடியிருப்புகளின் பிள்ளைகளை அழைத்துவர ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய் வரை போக்குவரத்து உதவிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் உண்டு. அந்தத் தொகைக்கு மலைப்பாதையில் ஆண்டு முழுவதும் ஜீப் ஓட்ட எத்தனை பேர் முன்வருவார்கள் என்பதை ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே செலவுக் கணக்கோடு அந்தச் செலவின் காரணமும் ஒரே வரியில் பதிவாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த பள்ளிக்கு நடைபாதைத் தொலைவு எவ்வளவு, வண்டி பள்ளிவரை வருமா, ஆண்டில் எத்தனை நாள் மழை விடுமுறை, எந்தச் சமூகப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற விவரங்கள் ரூபாயின் பக்கத்திலேயே இருந்தால், அதிகச் செலவு என்ற எண் தன் நியாயத்தைத் தானே சொல்லிவிடும். அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலம் தொலைதூரப் பகுதிகளுக்கென்று தனிச் செலவுக் காரணி ஒன்றை வைத்துத்தான் பள்ளிகளுக்குப் பணம் பிரிக்கிறது. இங்கே மத்திய-மாநிலப் பங்கீட்டில் இமயமலை மாநிலங்களுக்கு 90:10 என்ற சலுகை உண்டு, தமிழ்நாட்டுக்கு 60:40. மாநிலத்தை அலகாகக் கொண்ட விதியில் நீலகிரியும் பழனி மலையும் சமவெளியாகவே எண்ணப்படுகின்றன.

தரவின் தரம் பற்றியும் அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் குறிப்பிட வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, மாணவர் எண்ணிக்கை செப்டம்பர் 30இல் எடுக்கப்படுகிறது. இம்மூன்றையும் ஒன்றாலொன்று வகுக்கும்போது எந்த ஆண்டின் பணம், எந்த ஆண்டின் பிள்ளைகள் என்பது குழம்பிவிடும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் ஆண்டின் நடுவில் வருவதும் போவதும் உண்டு என்பதால் இங்கே அந்தக் குழப்பம் கூடுதல். படிவத்தில் பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல என்பது அடுத்தது. பணம் வரவில்லை என்றால் பூஜ்யம். விவரம் தெரியவில்லை என்றால் வேறு குறி வேண்டும். கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாத இணையப் படிவத்தில் இரண்டுமே பூஜ்யமாகிவிடுகின்றன. ஊர் கொடுப்பதும் பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் ஊரார் கூடி வெள்ளையடிப்பதும், முன்னாள் மாணவர்கள் மேசை நாற்காலி வாங்கிக் கொடுப்பதும், தோட்டத்து நிர்வாகம் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுப்பதும் பள்ளியின் வரவுதான். அவற்றை எழுதாவிட்டால், அந்த உதவி கிடைக்காத பழங்குடிக் கிராமத்துப் பள்ளிக்கும் ஹட்டிப் பள்ளிக்கும் அரசுக் கணக்கில் வேறுபாடே தெரியாது.

நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966இல் சொன்னதும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொன்னதும் அனைவரும் அறிந்தவை. அந்த விவாதம் தேவையானது. ஆனால் 6 விழுக்காடு நாளையே வந்துவிட்டாலும், அதில் பந்தலூருக்கு என்ன வந்தது என்று பார்க்கும் கருவி இன்று நம்மிடம் இல்லை.

கருவி மேலிருந்து வரும்வரை கீழிருந்து செய்யக்கூடியதும் உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளிக்கு வரும் மானியங்கள் எவ்வாறு செலவாகின்றன என்று கண்காணிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொடுக்கிறது. அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு வழியிலோ வருவது எல்லாம் அதில் அடக்கம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஒதுக்கீட்டையும் வழங்கிய தொகையையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் துணைக்கொண்டு, நான் உதவும் குழுக்களில் ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். மேலே யூடைஸ் எண். அதன் கீழ் சம்பளம், படிகள், மானியமும் அது கிடைத்த நாளும், காலை உணவு, மதிய உணவு, நூலும் உடையும், கட்டடம், தூய்மை, ஊராரின் பங்கு. வலப்பக்கத்தில் தொலைவும் பாதையும் மழை நாளும். சம்பளத்தின் கூட்டுத்தொகையைத் தலைமையாசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். மானிய விவரம் அவர்களிடமே இருக்கிறது. சத்துணவு அமைப்பாளரின் பதிவேட்டிலிருந்து அரிசியும் பருப்பும் முட்டையும் அளவாகக் கிடைக்கின்றன, அவற்றை ரூபாயாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. கட்டடச் செலவுக்கு ஒன்றியப் பொறியியல் பிரிவில் மனு கொடுத்திருக்கிறோம். கூடலூர், குந்தா, கொடைக்கானல் பகுதிகளில் மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் இதே தலைப்புகளில் தங்கள் பள்ளியின் தாளை எழுதத் தொடங்கினால், தலைப்புகளை மாற்றாமல், தெரியாத இடத்தில் பூஜ்யம் போடாமல் 'தெரியவில்லை' என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.